கணவன் மனைவியிடம் சொன்னது சாட்சியமாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குற்றவியல் வழக்குகளில் கணவருக்காகவோ மனைவிக்காகவோ அலைந்து களைத்து வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. “புருஷனுக்கு எதிராகப் பெண்டாட்டி சாட்சி சொல்ல முடியாது” என்று யாரோ சொன்னதை நம்பி வருகிறவர்கள் பாதிப் பேர். வீட்டுக்குள் இருவரும் தனிமையில் பேசியதைக்கூடக் கூண்டில் ஏறி ஒப்பித்தே ஆகவேண்டும் என்று அஞ்சி வருகிறவர்கள் மீதிப் பேர். இரண்டு எண்ணமும் தவறு. இந்தியச் சட்டம் இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பதைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து இங்கே விளக்கியிருக்கிறேன். மனைவி என்று எழுதியுள்ள இடங்களிலெல்லாம் கணவன் என்றும் படித்துக்கொள்ளலாம்; பெண்களுக்கென்று தனியே குறித்திருப்பவற்றைத் தவிர, சட்டம் இருவருக்கும் ஒன்றே.

என் கணவர் மீது கொலை வழக்கு இருக்கிறது. மனைவி என்பதால் நான் சாட்சி சொல்லவே முடியாது என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. ஒருவர் மீது நடக்கும் குற்றவியல் வழக்கில் அவருடைய கணவனோ மனைவியோ தகுதியுள்ள சாட்சிதான் என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 120ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் இதே விதி 126ஆம் பிரிவாக இருக்கிறது. அரசுத் தரப்பும் உங்களை அழைக்கலாம், உங்கள் கணவரின் தரப்பும் அழைக்கலாம்.

அந்த நாளுக்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகளும் வழக்குகளும் பழைய சட்டப்படியே தொடர்கின்றன. ஆகவே உங்கள் வழக்குத் தாள்களில் 120, 122 என்ற எண்களைக் கண்டால் குழம்ப வேண்டாம். அவை இங்கே சொல்லப்படும் 126, 128 ஆகியவற்றின் பழைய எண்கள். உள்ளடக்கத்தில் பெரிய மாற்றமில்லை.

அப்படியானால் எதைத்தான் சொல்லக் கூடாது?

திருமண வாழ்வு நீடித்த காலத்தில் உங்கள் கணவர் உங்களிடம் தெரிவித்ததைச் சொல்லக் கூடாது. வாய்ப் பேச்சு, கடிதம், குறுஞ்செய்தி எல்லாம் இதில் அடங்கும். இதுதான் 128ஆம் பிரிவு. அது சொன்ன செய்தி இரகசியமானதா, சாதாரணமானதா என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்தப் பிரிவில் இரண்டு தடைகள் இருக்கின்றன. அந்தப் பேச்சைச் சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது முதலாவது. நீங்களே சொல்ல முன்வந்தாலும் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பாதுகாப்பு உங்களுடையதன்று, அந்தச் சொற்களைச் சொன்னவருடையது. அவர் இசைந்தால் மட்டுமே பூட்டுத் திறக்கும். இதே காரணத்தால், நீங்கள் அவரிடம் சொன்னதை நீங்களே வெளியிடுவதை இந்தப் பிரிவு தடுப்பதில்லை, ஏனென்றால் அங்கே சொன்னவர் நீங்கள்.

பேச்சைத்தானே சொல்லக் கூடாது? நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்லலாமா?

சொல்லலாம். கேட்டால் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்தக் கேள்வியின் விடை பிடிபட்டுவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே விளங்கிவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1954இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ராம் பரோசே வழக்கு இன்றும் இதற்கு அடிப்படை. உத்தரப் பிரதேசத்தில் நடந்த கொலை வழக்கு அது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் மனைவி சாட்சியாக வந்தார். விடியற்காலையில் கணவர் கூரையிலிருந்து இறங்கி வந்ததையும், வைக்கோல் போட்டிருந்த அறைக்குள் போனதையும், வெளியே வந்து குளித்துவிட்டு அதே வேட்டியைத் திரும்பக் கட்டிக்கொண்டதையும் தான் பார்த்ததாகச் சொன்னார். நகையைப் பற்றிக் கணவர் தன்னிடம் சொன்னதையும் சொன்னார். நீதிமன்றம் இந்தச் சாட்சியத்தை இரண்டாகப் பிரித்தது. கணவர் வாயால் சொன்னவற்றை ஏற்க முடியாது என்று ஒதுக்கியது. கூரையிலிருந்து இறங்கியதும், அறைக்குள் போனதும், குளித்ததும் அவர் மனைவிக்குத் தெரிவித்த செய்திகள் அல்ல, அவருடைய செயல்கள். செயலைக் கண்டவர் மனைவியாக இருந்தாலும் சொல்லலாம் என்றது.

அதாவது, “இரத்தக் கறையோடு வந்தார்” என்பது கண்டது, சொல்லலாம். “அவனை வெட்டிவிட்டேன் என்றார்” என்பது கேட்டது, சொல்ல முடியாது. “எங்கே போயிருந்தீர்கள்?” என்ற கேள்விக்கு அவர் பதில் பேசாமல் கையால் ஒரு திசையைக் காட்டியிருந்தால்? அந்தக் கையசைவு உங்களுக்குப் பதிலாகத்தானே வந்தது. அதைப் பேச்சாகவே கொள்ளவேண்டும் என்பது என் கருத்து.

சம்மன் வந்திருக்கிறது. அவருக்கு எதிராகக் கூண்டில் ஏற எனக்கு மனமில்லை. போகாமல் இருக்கலாமா?

முடியாது. அமெரிக்காவின் கூட்டரசு நீதிமன்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் மனைவி தனக்கு விருப்பமில்லையென்றால் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லவே மறுக்கலாம்; 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் டிராம்மல் வழக்கில் அந்த முடிவு சாட்சியாக வரும் துணையின் கையிலேயே இருக்கிறது என்று உறுதிசெய்தது. திரைப்படங்களிலும் தொடர்களிலும் இதைப் பார்த்தவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தியாவில் அப்படியொரு பொதுவான மறுப்புரிமை இல்லை. நீங்கள் போகவேண்டும், உறுதிமொழி எடுக்கவேண்டும், கண்டதைச் சொல்லவேண்டும். அவர் சொன்னதைப் பற்றிக் கேள்வி வரும்போதுதான் 128ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

கூண்டில் ஏறிப் பொய் சொல்வது வேறு வகையான ஆபத்து. உறுதிமொழி எடுத்தபின் தெரிந்தே பொய்ச் சாட்சி சொல்வதற்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது. கணவரைக் காப்பாற்றுவதாக நினைத்து இந்தப் பள்ளத்தில் விழுந்துவிடாதீர்கள்.

காவல்துறையினர் என்னை ஸ்டேஷனுக்கு வந்து அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரும்படி காவல் அதிகாரி கட்டாயப்படுத்தக் கூடாது என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு சொல்கிறது. 15 வயதுக்குட்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், கடுமையாக நோயுற்றவர்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. நீங்களாக விரும்பிப் போகலாம். வற்புறுத்த அவர்களுக்கு அதிகாரமில்லை.

அடுத்தது கேள்விகள். சாட்சியச் சட்டம் நீதிமன்ற நடவடிக்கைகளுக்கானது. காவல்துறை விசாரணையை அது நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே கணவர் என்ன சொன்னார் என்று அவர்கள் கேட்பதைத் தடுக்கும் வரி எதுவும் 128ஆம் பிரிவில் இல்லை. ஆனால் நீங்கள் அங்கே சொன்னதை எழுதிக்கொண்டு போய் அதையே நீதிமன்றத்தில் சாட்சியமாக்கிவிட முடியாது. காவல் அதிகாரி பதிவு செய்யும் வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்ற விசாரணையின்போது சாட்சியின் முன்னுக்குப்பின் முரணைக் காட்டுவது போன்ற குறுகிய தேவைக்கே அது பயன்படும். “எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு” என்று கேட்டால் மறுக்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் சொன்ன ஓரிடத்தை நீங்கள் காட்டிக்கொடுத்து, அங்கே ஆயுதமோ பணமோ கிடைத்தால், கிடைத்த பொருள் தன் காலிலேயே நிற்கும் சாட்சியமாகிவிடும். உங்கள் வாய்மொழியைப் பின்னால் நீதிமன்றம் ஒதுக்கினாலும் அந்தப் பொருள் ஒதுங்காது. எனவே, பதிலளிக்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். வசதியில்லையென்றால், பெண்களுக்கு வருமான வரம்பின்றியே இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

அவர் என்னையே அடித்துத்தான் இந்த வழக்கு. அப்போது அவர் மிரட்டியதைச் சொல்லக் கூடாதா?

தாராளமாகச் சொல்லலாம். கணவன் மனைவிக்கிடையேயான வழக்குகளிலும், ஒருவர் மற்றவருக்கு எதிராகச் செய்த குற்றத்துக்கான வழக்குகளிலும் 128ஆம் பிரிவின் தடை கிடையாது. கொடுமைப்படுத்தல், காயம் விளைவித்தல், கொலை முயற்சி எதுவானாலும் அவர் உங்களிடம் பேசியது, எழுதியது, அனுப்பிய செய்தி அத்தனையையும் முன்வைக்கலாம். அவருடைய இசைவு தேவையில்லை. இந்த விதிவிலக்குத் தெரியாமல் தன்மீதான வன்முறையைப் பற்றி வாய்திறக்கத் தயங்கி நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் யாருக்காவது படித்துக்காட்ட முடியுமென்றால் இதைக் காட்டுங்கள்.

மனைவி இறந்துபோன வழக்குகளில் வேறு வாயில் இருக்கிறது. தன் சாவுக்கான காரணத்தையோ அதற்கு இட்டுச்சென்ற சூழ்நிலையையோ பற்றி இறந்தவர் சொன்னதும் எழுதியதும் அதிநியத்தின் 26ஆம் பிரிவின்படி சாட்சியமாகும்.

அவர் எங்கள் மகளிடம் தவறாக நடந்துகொண்டதை என்னிடமே ஒப்புக்கொண்டார். அதையும் சொல்லக் கூடாது என்றால் இது என்ன நியாயம்?

நியாயமான கோபம். மேலே சொன்ன விதிவிலக்கு ஒருவர் “மற்றவருக்கு” எதிராக, அதாவது தன் துணைக்கு எதிராகச் செய்த குற்றத்தை மட்டுமே குறிக்கிறது. பெற்ற பிள்ளைக்கு எதிரான குற்றம் அந்த வரியில் இல்லை. ஆகவே அவர் இசையாதவரை அந்த ஒப்புதலை நீதிமன்றத்தில் உங்கள் வாயால் சொல்வதற்கு இந்தப் பிரிவு தடையாகவே நிற்கும். 1872இல் எழுதிய வரியை, 2023இல் அதிநியத்தை இயற்றியபோது திருத்தி எழுதும் வாய்ப்புக் கிடைத்தும் இந்தக் குறையை அப்படியே விட்டது பெரும் தவறு என்று நான் கருதுகிறேன். இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டம் கணவன் மனைவி பேச்சுக்கான பாதுகாப்பைக் குற்றவியல் வழக்குகளிலிருந்து நீக்கியதோடு, 16 வயதுக்குட்பட்டவர் மீதான தாக்குதல், பாலியல் குற்றம் ஆகிய வழக்குகளில் துணையைக் கட்டாயச் சாட்சியாகவும் ஆக்கியது. இந்தப் பிரிவை நமக்கு எழுதித்தந்த நாடே அதைக் கைவிட்டு நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

ஆனால் தாயின் கைகள் கட்டப்பட்டுவிட்டன என்று நினைக்கவேண்டாம். கணவர் சொன்னதை ஒதுக்கினாலும் மகள் உங்களிடம் சொன்னது இருக்கிறது. அவளிடம் நீங்கள் கண்ட மாற்றங்கள், காயங்கள், அச்சம் எல்லாம் இருக்கின்றன. இவை எதற்கும் 128ஆம் பிரிவு தடையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக மகளின் சாட்சியமே இருக்கிறது. அது நம்பத்தக்கதாக இருந்தால் அதை மட்டுமே கொண்டு தண்டிக்க முடியும்.

புகார் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் இருப்பது ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மனைவி என்பதற்காக இதில் விலக்கு இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குப் போட முடியாது. 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை எந்த நேரமும் அழைக்கலாம்.

எங்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. இனி அவர் சொன்னதையெல்லாம் சொல்லலாம்தானே?

திருமண நாட்களில் சொன்னதைச் சொல்ல முடியாது. சட்டத்தின் சொற்கள் “மணம் புரிந்திருக்கிற அல்லது மணம் புரிந்திருந்த” என்றே இருக்கின்றன. கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற வர்கீஸ் – பொன்னன் வழக்கில் 1968இல் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. மாமனாரைப் பழித்து மருமகன் தன் மனைவிக்குக் கடிதங்கள் எழுதினார். மனைவி அவற்றைத் தன் தந்தையிடம் கொடுத்தார்; தந்தை அவதூறு வழக்குத் தொடுத்தார். இடையில் அந்தத் திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. சாட்சி சொல்லும் நாளில் என்ன உறவு என்பது முக்கியமன்று, கடிதம் எழுதப்பட்ட நாளில் என்ன உறவு என்பதையே பார்க்கவேண்டும் என்றது நீதிமன்றம்.

இதே அளவுகோலை மறுபக்கமும் வைத்துப் பாருங்கள். நிச்சயதார்த்தத்துக்குப் பின், தாலி கட்டுவதற்கு முன் அவர் சொன்னதற்குப் பாதுகாப்பு இல்லை. விவாகரத்துக்குப் பின் தொலைபேசியில் சொன்னதற்கும் இல்லை.

எங்களுடையது சுயமரியாதைத் திருமணம். பதிவும் செய்யவில்லை. இந்தப் பாதுகாப்பு எங்களுக்கு உண்டா?

உண்டு. 1967இல் தமிழ்நாடு சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்ததிலிருந்து, உறவினர்கள் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்துகொள்ளும் திருமணம் முழுமையாகச் செல்லும். பதிவில்லாததாலேயே அது செல்லாமல் போகாது. ஆனால் திருமணம் நடந்ததை மெய்ப்பிக்கும் சுமை உங்கள் மேல் விழலாம் என்பதால் சாட்சிகளின் பெயரும் படங்களும் கைவசம் இருக்கட்டும்.

மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கு இந்தப் பிரிவில் இடமில்லை.

நாங்கள் பேசியதைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். என் போனிலிருந்து வாட்ஸ்அப் செய்திகளையும் எடுத்துவிட்டார்கள். அவையும் செல்லாதா?

செல்லும் வாய்ப்பே அதிகம். தடை விதிக்கப்பட்டிருப்பது உங்கள் வாய்க்கு; அந்தச் செய்திக்கே அல்ல. சுவருக்கு அப்பாலிருந்து கேட்டவர் உங்கள் கணவரையோ உங்களையோ மணந்தவரல்லர். அவர் கேட்டதைச் சொல்லலாம். முன் பதிலில் சொன்ன வர்கீஸ் – பொன்னன் வழக்கிலும் இதுதான் நடந்தது: அந்தக் கடிதங்களைப் பற்றி மனைவி சாட்சி சொல்ல முடியாது, ஆனால் வேறு வழியில் மெய்ப்பிக்க முடியுமானால் மெய்ப்பிக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறி, வழக்கு மேலே நடக்க வழிவிட்டது. முறைப்படி கைப்பற்றப்பட்ட கைப்பேசியிலிருந்து, மின்னணுப் பதிவுகளுக்கு அதிநியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு எடுக்கப்பட்ட செய்திகளுக்கும் இந்தத் தர்க்கமே பொருந்தும்.

அவர் பேசியதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்து வைத்திருக்கிறேன். பயன்படுமா?

எந்த வழக்கு என்பதைப் பொறுத்தது. விவாகரத்து வழக்கானால், 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு உங்களுக்கு ஆதரவாக இருக்கிறது. இந்தப் பிரிவு தனிமனித அந்தரங்கத்தைக் காப்பதற்காக இயற்றப்பட்டதன்று, மணவாழ்வின் உறவைக் காப்பதற்காக. கணவன் மனைவிக்கிடையேயான வழக்கு விதிவிலக்கில் அடங்குவதால் இரகசியப் பதிவும் சாட்சியமாகலாம் என்றது அத்தீர்ப்பு. இதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024 அக்டோபரில், மனைவியின் அழைப்புப் பதிவுகளைக் கணவர் திருட்டுத்தனமாக எடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நேர்மாறான நிலைப்பாட்டை எடுத்திருந்தது; அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பின்னால் வந்ததையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

உங்களுக்கு எதிரான குற்றமென்றாலும் பதிவு பயன்படும். ஆனால் அவர் வேறொருவரைக் கொன்றதாக நடக்கும் வழக்கில், உங்களிடம் ஒப்புக்கொண்டதை நீங்கள் பதிவு செய்திருந்தால், அந்த 2025 தீர்ப்பின் விதிவிலக்கு அங்கே பொருந்தாது. வாயால் சொல்ல முடியாததைக் கருவியைக் கொண்டு சொல்லிவிட முடியாது என்பதே என் கருத்து.

தேடப்பட்டவரை வீட்டில் வைத்துச் சோறு போட்டேன். என் மேலும் வழக்கு வருமா?

குற்றவாளிக்கு அடைக்கலம் தருவது குற்றம் என்று சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 249ஆம் பிரிவே, அடைக்கலம் தந்தவர் குற்றவாளியின் துணையாக இருந்தால் தனக்குப் பொருந்தாது என்றும் சொல்கிறது. அண்ணனுக்கோ அம்மாவுக்கோ அதில் விலக்கில்லை. துணைக்கு மட்டும் உண்டு. ஆனால் தடயத்தை அழிப்பதைக் குற்றமாக்கும் 238ஆம் பிரிவில் அப்படியொரு விலக்குக் கிடையாது. சோறு போட்டது வேறு, இரத்தம் படிந்த சட்டையை எரித்தது வேறு.

அன்றிரவு அவர் வீட்டில்தான் இருந்தார் என்று நான் சொன்னால், பெண்டாட்டிதானே என்று ஒதுக்கிவிட மாட்டார்களா?

உறவு என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கக் கூடாது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்புச் சாட்சிகளுக்கும் அரசுத் தரப்புச் சாட்சிகளுக்கும் ஒரே மதிப்பைத் தரவேண்டும் என்று 1981இல் துத் நாத் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியது. குறுக்கு விசாரணையில் நேரம், உணவு, யார் வந்து போனார்கள் என்று நுணுகிக் கேட்பார்கள். நினைவில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லுங்கள்.

இலங்கையிலும் இதே சட்டம்தானா?

இல்லை. அங்கே 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 122ஆம் பிரிவு நம் பழைய சட்டத்தைப் போன்றதே என்றாலும், குற்றஞ்சாட்டப்பட்டவரின் துணை எப்போது சாட்சியாகலாம் என்பதை 120ஆம் பிரிவு வேறுவிதமாக வகுக்கிறது. இலங்கை வாசகர்கள் இங்கே எழுதியிருப்பதை அப்படியே தங்கள் வழக்குக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

வழக்கு எங்கள் இருவர் மீதும் இருக்கிறது. என்னை அப்ரூவர் ஆக்கப் பார்க்கிறார்கள். ஒப்புக்கொண்டால் அவர் சொன்னதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்குமா?

நீங்கள் குற்றஞ்சாட்டப்பட்டவராக இருக்கும்வரை உங்களை யாரும் சாட்சியாக்க முடியாது; அரசியலமைப்பின் 20(3) பிரிவு தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கிறது. மன்னிப்பை ஏற்று அப்ரூவர் (உடன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக அரசுத் தரப்பில் சாட்சி சொல்பவர்) ஆனபின் நீங்கள் சாட்சி. தெரிந்தது அனைத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அந்த மன்னிப்பு வரும்.

இங்கே இரண்டு கடமைகள் மோதுகின்றன. மன்னிப்பு “எல்லாவற்றையும் சொல்” என்கிறது. 128ஆம் பிரிவு “அவர் உன்னிடம் சொன்னதைச் சொல்ல அனுமதியில்லை” என்கிறது. மன்னிப்பு உங்களுக்குக் கிடைப்பது. அந்தப் பாதுகாப்போ அவருடையது. உங்களுக்குக் கிடைத்த ஒன்றைக் கொண்டு அவருடைய உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே நீங்கள் இருவரும் சேர்ந்து செய்ததையும், உங்கள் முன்னால் அவர் செய்ததையும் சொல்லவேண்டும். தனியே உங்களிடம் அவர் சொன்னது அவர் இசைவின்றி வெளிவரக் கூடாது. அவருடைய வழக்கறிஞர் எதிர்ப்புத் தெரிவிக்காமல் உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டுமே இசைவாகக் கொள்ளக் கூடாது. நீதிமன்றமே அவரைக் கேட்டு, விடையைப் பதிவு செய்வதுதான் முறை. மன்னிப்பை ஏற்பதற்கு முன்பே, எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் எழுத்தில் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கறிஞரும் கணவரின் வழக்கறிஞரும் ஒருவரே என்றால், அந்த நிமிடத்திலிருந்து உங்களுக்குத் தனி வழக்கறிஞர் வேண்டும்.